இரவு 11 மணிக்குப் பூட்டப்படும் மதில்வாசல்: சாலிஸ்பரி பேராலய வளாகம் உருவான கதை

இங்கிலாந்தின் தெற்கே வில்ட்ஷர் மாவட்டத்தில் இருக்கும் சாலிஸ்பரி, 2018இல் உலகச் செய்திகளில் திரும்பத் திரும்ப அடிபட்டது. முன்னாள் ரஷ்ய உளவாளி ஒருவர் மீதும் அவர் மகள் மீதும் நோவிசோக் என்ற நரம்பு நஞ்சு பிரயோகிக்கப்பட்ட ஊர் அது. சந்தேகிக்கப்பட்ட இரண்டு ரஷ்யர்கள் தொலைக்காட்சியில் தோன்றி, 123 மீட்டர் உயரமுள்ள தேவாலயக் கோபுரத்தைப் பார்க்கத்தான் போனோம் என்று சொன்னார்கள். அந்த ஒரு எண் அப்போது பலர் மனத்தில் பதிந்தது. பிரிட்டனிலேயே உயரமான தேவாலயக் கோபுரம் அதுதான்.

கோபுரத்தைப் பார்க்கப் போகிறவர்களைக் குழப்புவது கோபுரமல்ல, அதைச் சுற்றியிருக்கும் ஏற்பாடு. மூன்று கேள்விகள் எழும்:

1. ஒரு தேவாலயத்துக்கு எதற்கு இவ்வளவு உயரமான மதிலும், கோட்டை வாசல்களும்? அவற்றை இன்றும் ஏன் இரவு 11 மணிக்குப் பூட்டுகிறார்கள்?
2. மதிலுக்குள் வரிசையாகப் பெரிய பெரிய வீடுகள் நிற்கின்றன. ஒன்றில் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் குடியிருந்தார். ஒன்று அருங்காட்சியகம், ஒன்று பள்ளிக்கூடம். தேவாலய வளாகத்தில் இத்தனை மாளிகைகள் எப்படி வந்தன?
3. வீடுகளுக்கு 13ஆம் நூற்றாண்டு என்று வயது சொல்கிறார்கள். கண்ணில் படும் முகப்போ 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம் போலிருக்கிறதே?

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: நிலம் யார் கையில், அதிகாரம் யார் கையில் என்ற விவகாரம். அமைதியான புல்வெளி என்று எண்ணி நடக்கிறோம். ஆனால் அங்கே ஒவ்வொரு கல்லும் ஒரு வழக்குக்கோ, சண்டைக்கோ, குத்தகை ஒப்பந்தத்துக்கோ சாட்சி. அடிப்படையிலிருந்து பார்த்துக்கொண்டு வருவோம்.

கேனன், சாப்டர், க்ளோஸ்

பேராலயம் (கதீட்ரல்) என்பது ஒரு மறைமாவட்டத்தின் ஆயருடைய ஆசனம் இருக்கும் தேவாலயம். ஆனால் அன்றாட வழிபாட்டையும் சொத்தையும் கவனிப்பது ஆயர் அல்ல. அதற்கென்று ஒரு குருக்கள் குழு உண்டு. அந்தக் குழுவின் பெயர் சாப்டர், தலைவர் டீன், உறுப்பினர்கள் கேனன்கள். பேராலயத்தைச் சுற்றி அவர்கள் வாழ்வதற்காக ஒதுக்கி, அடைத்த நிலமே க்ளோஸ்.

இடைக்கால இங்கிலாந்தில் பேராலயங்கள் இரண்டு வகை. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

முதல் வகையில் சாப்டர் என்பது துறவிகளின் கூட்டம். கேன்டர்பரி, டர்ஹம், நாரிச், வின்செஸ்டர் போன்றவை அப்படி. துறவிக்குச் சொந்தச் சொத்து கிடையாது. எல்லோரும் ஒரே கூடத்தில் படுத்து, ஒரே கூடத்தில் உண்டார்கள். அங்கே தனி வீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. 1530களின் இறுதியிலும் 1540களிலும் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகுதான் அந்தக் கூடங்களும் மடத்துத் தலைவரின் இல்லமும் துண்டுபோடப்பட்டு வீடுகளாயின.

இரண்டாம் வகையில் கேனன்கள் துறவிகள் அல்லர். சாலிஸ்பரி, லிங்கன், யார்க், வெல்ஸ், எக்ஸிட்டர், லிச்ஃபீல்ட், ஹெரஃபர்ட், சிசெஸ்டர், லண்டன் செயின்ட் பால்ஸ் ஆகிய ஒன்பதும் இந்த வகை. இங்கே ஒவ்வொரு கேனனுக்கும் ஒரு மானியம் உண்டு. எங்கோ ஒரு கிராமத்தின் நிலமோ, வரி வருவாயோ, தேவாலய வருமானமோ அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கும். கையில் பணம், கீழே வேலையாட்கள், வந்துபோகும் விருந்தினர் என்று வாழ்ந்தவர்கள் இவர்கள். பலர் அரசரின் எழுத்தர்களாகவும் சட்ட வல்லுநர்களாகவும் இருந்தார்கள். இப்படிப்பட்டவர்களுக்குப் பொதுக்கூடம் போதாது. தனித்தனி மனை, தோட்டம், குதிரை லாயம் எல்லாம் வேண்டும். சாலிஸ்பரியின் பெரிய வீடுகளுக்கான முதல் காரணம் இதுதான்.

வெற்று நிலத்தில் போட்ட திட்டம்

சாலிஸ்பரி வளாகத்துக்கு இன்னொரு தனிச்சிறப்பும் உண்டு. அது மெல்ல மெல்ல வளர்ந்த இடமல்ல, வெறும் புல்வெளியில் திட்டம் போட்டுப் பிரித்த இடம்.

பழைய பேராலயம் வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, ஓல்ட் சேரம் என்ற குன்றில், அரசரின் கோட்டை அரணுக்குள்ளேயே இருந்தது. குன்றில் தண்ணீர் கஷ்டம், ஓயாத காற்று. அதைவிடப் பெரிய தலைவலி, கோட்டைக் காவற்படையோடு குருக்களுக்கு இருந்த தீராத உரசல். வாசலில் நிற்பவன் படைவீரன். அவன் விட்டால்தான் உள்ளே போகலாம், வெளியே வரலாம். ஆயர் ரிச்சர்ட் புவர், போப் மூன்றாம் ஹொனோரியஸின் அனுமதி பெற்று, ஏவன் ஆற்றங்கரைப் புல்வெளிக்குப் பேராலயத்தையே மாற்றினார். 1220 ஏப்ரல் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 1258இல் கோயில் அர்ப்பணிக்கப்பட்டது. 38 ஆண்டுகளில் பெரும்பகுதி எழுந்துவிட்டதால்தான் ஒரே கையெழுத்தில் எழுதியதுபோல் முழுக் கட்டடமும் ஒரே பாணியில் இருக்கிறது. கோபுரம் மட்டும் 14ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது.

கூடவே மனைகளும் பிரிக்கப்பட்டன. மொத்தம் ஏறத்தாழ 80 ஏக்கர். பிரிட்டனின் பேராலய வளாகங்களில் இதுவே பெரியது. மேற்கே ஆற்றங்கரையை ஒட்டிய மனைகள்தான் ராஜ மனைகள்: முன்பக்கம் பேராலயம், பின்பக்கம் தோட்டம், அதற்கப்பால் ஆறு. கேனன்கள் தங்கள் செலவிலேயே வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இதில் ஒரு சிக்கல் இருந்தது. கேனனுக்கு மனைவி மக்கள் கிடையாது. அவர் இறந்ததும் வீடு அடுத்த கேனனுக்குப் போய்விடும். அப்படியானால் எவர் மனம்விட்டுச் செலவழிப்பார்?

இந்த இடத்தில்தான் எலையாஸ் ஆஃப் டெரம் என்ற கேனன் வருகிறார். அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தின் பிரதிகள் 1215இல் நாட்டின் பல பகுதிகளுக்கும் போய்ச் சேருவதில் பங்காற்றியவர் அவர். எஞ்சியிருக்கும் நான்கு மூலப் பிரதிகளில் ஒன்று இன்று சாலிஸ்பரியில் இருப்பதை அவரோடுதான் தொடர்புபடுத்துகிறார்கள். புதிய பேராலயத்தின் கட்டுமானப் பணியை மேற்பார்த்தவரும் அவரே. கேனன் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு எடுத்துக்காட்ட, அவர் ஒரு மாதிரி வீட்டைக் கட்டினார். கூரையில் ஈயத் தகடு வேய்ந்ததால் அதற்கு லெடன் ஹால் என்று பெயர் வந்தது. வீடு பலமுறை மாறிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. 'மாடல் ஹவுஸ்' கட்டிக் காட்டி மற்றவர்களைக் கட்டத் தூண்டும் உத்தி 13ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது என்பது எனக்கு வியப்பான செய்தி.

மதில் ஏன் வந்தது?

பேராலயம் அர்ப்பணிக்கப்பட்டு ஏறத்தாழ 70 ஆண்டுகள் வரை இப்போதைய மதில் இல்லை. பின் ஏன் கட்டினார்கள்? இதற்கு எக்ஸிட்டருக்குப் போக வேண்டும்.

1283 நவம்பரில் ஓர் அதிகாலை. எக்ஸிட்டர் பேராலயத்தில் நள்ளிரவு வழிபாடு முடித்துத் தன் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார் வால்டர் லெக்லேட். அவர் அங்கே பாடகர் குழுவுக்குப் பொறுப்பான கேனன், ஆயரின் ஆள். டீன் ஜான் பைகாட் எதிர் அணி. பேராலயத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த திறந்த வெளியில் லெக்லேட் வெட்டிக் கொல்லப்பட்டார். கொலையாளிகள் நகரின் தெற்கு வாசல் வழியே தப்பினார்கள். அந்த வாசல் அன்றிரவு பூட்டப்படவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1285 கிறிஸ்துமஸ் சமயத்தில், முதலாம் எட்வர்ட் அரசரே எக்ஸிட்டருக்கு வந்து விசாரித்தார். நகரின் மேயர் தூக்கிலிடப்பட்டார். வாசல் திறந்து கிடந்ததற்கு அவர் பொறுப்பு. டீன் பைகாட் 'நான் குரு, என்னை அரச நீதிமன்றம் தண்டிக்க முடியாது' என்ற சலுகையைக் கோரி உயிர் தப்பி, ஒரு மடத்தில் ஒதுங்கினார்.

அடுத்த ஆண்டே, 1286இல், எக்ஸிட்டர் வளாகத்துக்கு மதில் எழுப்பி வாசல் வைத்துப் பூட்டிக்கொள்ள அரசர் உரிமம் கொடுத்தார். இதே காலத்தில், 1285இல், லிங்கனுக்கும் யார்க்குக்கும் லண்டன் செயின்ட் பால்ஸுக்கும் இப்படிப்பட்ட உரிமங்கள் கிடைத்தன. இரவில் திருடர்களும் கொலைகாரர்களும் நடமாடுகிறார்கள் என்பதே அவற்றில் சொல்லப்பட்ட காரணம். கேனன்கள் நள்ளிரவிலும் விடியுமுன்னும் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடந்தாக வேண்டியவர்கள். மடத்துத் துறவி படுக்கைக் கூடத்திலிருந்து மாடிப்படி இறங்கினால் கோயில். தனி வீடு என்ற வசதிக்குக் கேனன் கொடுத்த விலை இந்த இருட்டு நடை.

சாலிஸ்பரியின் முறை 1327இல் வந்தது. மூன்றாம் எட்வர்ட் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. மதில் கட்டி அதன் உச்சியில் ஞாயில் வைத்துக்கொள்ள உரிமம் வழங்கினார். ஞாயில் என்பது மறைந்து நின்று போரிட வசதியாக இடைவெளி விட்டுக் கட்டும் மேல்விளிம்பு. அன்றைய இங்கிலாந்தில் அரச அனுமதி இல்லாமல் எவரும் தங்கள் இடத்தை அப்படி அரண்செய்யக் கூடாது. ஆக அந்த உரிமம் பாதுகாப்புக்கான அனுமதி என்பதோடு, 'இவர்கள் தனி அதிகாரம் உள்ளவர்கள்' என்ற அங்கீகாரமும்கூட.

கல்லுக்கு எங்கே போவது? 1331இல் அதற்கும் வழி பிறந்தது. ஓல்ட் சேரத்தில் கைவிடப்பட்ட பழைய பேராலயத்தின் கற்களை எடுத்துக்கொள்ள அரசர் அனுமதித்தார். எக்ஸிட்டர் ஸ்ட்ரீட் ஓரமாகக் கிழக்கு மதிலைப் பார்த்துக்கொண்டே நடந்தால் இதை நேரில் காணலாம். சாதாரணச் சதுரக் கற்களுக்கு நடுவே திடீரென்று ஒரு கல்லில் பூவேலை தெரியும், இன்னொன்றில் வளைவான நார்மன் காலச் செதுக்கல் தெரியும். ஒரு பேராலயத்தின் அலங்காரம் இன்னொரு பேராலயத்தின் காம்பவுண்ட் சுவருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஊருக்குப் போகிறவர்கள் கோபுரத்தைப் பார்க்கும் நேரத்தில் கால் பங்கையாவது இந்தச் சுவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மேற்கே மதில் இல்லை. ஆறே அரண்.

வாசல்கள்

பழைய வாசல்கள் நான்கு. அவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல.

1. ஹை ஸ்ட்ரீட் கேட். வடக்கு வாசல், முதன்மை வாசல். கடைத்தெரு முடியும் இடத்தில் இரண்டு அடுக்காக, ஞாயில் வைத்து நிற்கிறது. மேலே ஸ்டூவர்ட் அரச மரபின் சின்னமும், மிகப் பிந்தைய ஏழாம் எட்வர்டின் சிலையும் உண்டு. வாசலை ஒட்டி ஒரு சிறு காவலறை இருந்தது. வளாகத்துக்குள் குற்றம் செய்தவர்களை அதில் அடைத்தார்கள். இந்த ஒரு விவரம் போதும், வாசலின் உண்மையான வேலை என்ன என்று சொல்ல. வளாகம் 'லிபர்ட்டி', அதாவது நகர நிர்வாகத்தின் கை நீளாத தனி அதிகார எல்லை. வாசலுக்கு வெளியே ஒரு சட்ட எல்லை, உள்ளே இன்னொன்று.

2. செயின்ட் ஆன்ஸ் கேட். கிழக்கு வாசல். இதன் மேல்மாடி அறையில்தான் இசைமேதை ஹேண்டல் இங்கிலாந்தில் தன் முதல் கச்சேரியை நடத்தினார் என்று ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரான ஜேம்ஸ் ஹாரிஸ் ஹேண்டலின் நண்பர், இசை விழாக்கள் நடத்தியவர் என்பது உறுதியான செய்தி.

3. ஹார்னம் கேட். தெற்கு வாசல், மேல்பகுதி போய்விட்டது. இது பார்ப்பது ஆற்றுப்பாலத்தை. ஆயர் ராபர்ட் பிங்கம் 1244இல் கட்டிய அந்தப் பாலம்தான் வணிகப் போக்குவரத்தைப் பக்கத்து ஊரான வில்டனிலிருந்து சாலிஸ்பரிக்குத் திருப்பியது. வில்டன் அதன் பிறகு தலையெடுக்கவே இல்லை.

4. பிஷப்ஸ் கேட். ஆயர் மாளிகைக்குப் போகும் கிழக்கு மதில் வாசல்.

உள்ளே ஆயர், வெளியேயும் ஆயர்

நகரத்துக்கும் வளாகத்துக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை? ஏனென்றால் ஆயர் வெறும் மதத்தலைவர் மட்டுமல்லர். புதிய சாலிஸ்பரி நகரமே அவருடைய நிலத்தில் எழுந்தது. 1227இல் மூன்றாம் ஹென்றி கொடுத்த சாசனப்படி அவர் நகரின் பிரபு. மனை வாடகை, சந்தை, நீதிமன்றம் எல்லாம் அவர் வசம். கம்பளி வியாபாரத்தில் பணம் சேர்த்த நகரத்தாருக்கு இது ஒவ்வொரு தலைமுறையிலும் உறுத்தியது. 1460களில் ஜான் ஹால் என்ற பெரும் கம்பளி வணிகர் தலைமையில் நகரம் ஆயரோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடியது. ஆயரின் பிடியிலிருந்து நகரம் விடுபட்டது 1612இல், முதலாம் ஜேம்ஸின் சாசனத்தால்தான். ஏறத்தாழ 400 ஆண்டு இழுபறி.

மதில் இதில் எவ்வளவு காப்பாற்றியது? ஓரளவுதான். 1450 ஜூன் 29 அன்று, ஜாக் கேட் (Jack Cade) என்பவர் அரசுக்கு எதிராக நடத்திய கலகத்தின் கொந்தளிப்பில், ஆயர் வில்லியம் ஏஸ்கோ எடிங்டன் என்ற ஊரில் பூசை முடித்த கையோடு கும்பலால் இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஆறாம் ஹென்றிக்குத் திருமணம் செய்துவைத்தவர், அரசவைக்கு நெருக்கமானவர். தன் மதிலுக்குள் இருக்கும்போது எவரும் அவரை நெருங்கவில்லை. வெளியே போனபோது பிடித்துவிட்டார்கள்.

அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மதில் கொஞ்சமும் தாங்கவில்லை. 1644ஆம் ஆண்டு முடிந்து 1645 பிறக்கும் குளிர்காலத்தில் நாடாளுமன்றப் படையின் எட்மண்ட் லட்லோ, வளாகத்துக்குள் தனியாக நின்ற மணிக்கூண்டில் ஆட்களை நிறுத்தினார். அரச படையினர் கரி வண்டி ஒன்றைக் கொண்டுவரச் செய்து, மணிக்கூண்டின் கதவுக்குத் தீ வைத்து அவர்களைச் சரணடைய வைத்தார்கள். 1649இல் நாடாளுமன்றம் டீன், சாப்டர் அமைப்புகளையே ஒழித்துச் சொத்துகளை விற்றது. ஆயர் மாளிகை குடித்தனங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி சத்திரமாயிற்று. 1660இல் முடியாட்சி திரும்பியதும் எல்லாம் பழைய கைக்கு வந்தன.

நகரத்தார் மதிலை உடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாரிச் பாடம். 1272இல் அங்கே மடத்தின் வாசலுக்கு வெளியே உள்ள டூம்லாண்ட் திடலில் சந்தைத் தகராறு மூண்டது. அது கலவரமாக முற்றி, நகரத்தார் மடத்துக்குத் தீ வைத்தார்கள். மூன்றாம் ஹென்றி நேரில் வந்தார். ஏறத்தாழ 30 பேருக்கு மரண தண்டனை, நகரத்துக்கு 3,000 மார்க் (அன்றைய பணக் கணக்கு) அபராதம். பிராயச்சித்தத்தின் ஒரு பகுதியாகப் புதிய வாசல் எழுந்தது. அதுதான் 1316 வாக்கில் முடிந்த செயின்ட் எதல்பெர்ட் கேட். அதன் வளைவின் இருபுறமும் ஒரு செதுக்கல்: ஒரு மூலையில் வாளும் சிறு கேடயமும் ஏந்திய மனிதன், எதிர் மூலையில் நாகம் போன்ற கொடிய விலங்கு. சண்டைக்கு அபராதமாகக் கட்டிய வாசலில் சண்டைக் காட்சி! நூறு ஆண்டு கழித்து அதே நாரிச்சில், அஜின்கோர் போரில் வில்லாளிகளுக்குத் தலைமை தாங்கிய சர் தாமஸ் எர்பிங்கம் தன் செலவில் இன்னொரு வாசலைக் கட்டினார். அதன் உச்சியில் மண்டியிட்டு வணங்கும் சிலை அவருடையதே.

வெல்ஸில் நிலைமை சற்று மென்மையாக இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆயர் தாமஸ் பெக்கிங்டன் அங்கே வரிசையாக வாசல்கள் எழுப்பினார். ஒன்றின் பெயர் பென்னிலெஸ் போர்ச், அதாவது கையில் காசில்லாதவர்களின் வாசல். அங்கேதான் பிச்சைக்காரர்கள் உட்காருவார்கள். அதோடு 1451இல் தன் தோட்டத்து ஊற்றுத் தண்ணீரை நகரத்துக்குப் பகிர்ந்து கொடுத்தார். பதிலுக்கு நகரத்தார் ஆண்டுதோறும் அவர் கல்லறையில் ஜெபிக்க வேண்டும். கடைத்தெருவின் ஓரக் கால்வாயில் அந்தத் தண்ணீர் இன்றும் ஓடுகிறது. அவர் கட்டுவித்த செயின் கேட் சாலையின் மேலே போகும் மூடிய பாலம். பாடகக் குருக்கள் தெருவில் கால்வைக்காமலே கோயிலுக்குப் போகலாம். அவர்கள் குடியிருந்த விகார்ஸ் க்ளோஸ் 1348இல் தொடங்கிய 42 சிறு வீடுகளின் தெரு. நகரத்து வீடுகளில் வாடகைக்குத் தங்கி அவப்பெயர் வாங்கக் கூடாது என்பதற்காக ஆயர் ரால்ஃப் ஏற்படுத்தியது.

வீடுகள் முகம் மாறியது எப்படி?

இப்போது மூன்றாவது கேள்வி. 13ஆம் நூற்றாண்டு வீட்டுக்கு 18ஆம் நூற்றாண்டு முகப்பு எப்படி வந்தது? காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை.

1. திருமணம். மதச் சீர்திருத்தத்தின்போது, 1549இல், குருக்கள் மணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. நடுவே கத்தோலிக்கரான அரசி மேரியின் ஆட்சியில் தடை வந்து, எலிசபெத் காலத்தில் மீண்டும் நிலைத்தது. ஒற்றை ஆளுக்கும் வேலைக்காரர்களுக்கும் கட்டிய பெரிய கூடம் குடும்பத்துக்குப் பொருந்தாது. கூடங்களுக்கு இடைத்தளம் போட்டு அறைகளாக்கினார்கள். வெல்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சிறு வீடுகளைச் சுவரிடித்து ஒன்றாக்கினார்கள்.

2. குத்தகை. சீர்திருத்தத்துக்குப் பிறகு வழிபாடுகள் குறைந்தன, வளாகத்தில் தங்கும் கேனன்களும் குறைந்தார்கள். காலியான வீடுகள் குரு அல்லாதவர்களுக்குக் குத்தகைக்குப் போயின. தேவாலயச் சொத்து கைமாறிப் போய்விடாதிருக்க நாடாளுமன்றம் வரம்பு கட்டியது. 1571 சட்டப்படி குத்தகை 21 ஆண்டுக்கோ, ஒப்பந்தத்தில் பெயர் குறித்த மூன்று ஆட்களின் ஆயுட்காலத்துக்கோ மட்டும். 1572இல் நகர வீடுகளுக்கு 40 ஆண்டு வரை நீட்டித்தார்கள்.

3. புதுப்பிப்புத் தொகை. ஆண்டு வாடகை மிகக் குறைவு. குத்தகையைப் புதுப்பிக்கும்போது மட்டும் ஒரு பெருந்தொகை கைமாறும். அது அப்போது பதவியில் இருக்கும் கேனன்களின் பைக்கே போகும். அதனால் புதுப்பிக்க மறுப்பதில் அவர்களுக்கு லாபமில்லை. குத்தகைதாரருக்கும், வீடு தன் குடும்பத்தோடு நிற்கும் என்ற நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வந்தால் செலவு செய்வார்கள் அல்லவா?

இப்படிச் செலவழித்தவர்களின் வீடுகள்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் படம்பிடிப்பவை. மாம்பெசன் ஹவுஸ் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கோரிஸ்டர்ஸ் கிரீன் என்ற சிறு புல்வெளியின் வடக்கே நிற்கிறது. மழைநீர்க் குழாயின் தலைப்பெட்டியில் கட்டியவரின் பெயரெழுத்துகளும் 1701 என்ற ஆண்டும் பொறித்திருப்பதால் தேதிக்காக ஆவணம் தேட வேண்டியதில்லை. உள்ளே 1740களில் சேர்ந்த மாடிப்படியும் சுண்ண வேலைப்பாடும் முகப்பின் அடக்கத்துக்கு நேர்மாறான ஆடம்பரம். இப்போது பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது.

செயின்ட் ஆன்ஸ் கேட்டை ஒட்டிய மாம்ஸ்பரி ஹவுஸ்தான் ஹேண்டலின் நண்பர் ஹாரிஸ் குடும்பத்தின் வீடு. அதன் சுவரில் 1749 என்று ஆண்டு குறித்த சூரியக் கடிகாரம் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்திலிருந்து, வாழ்க்கை வெறும் நடமாடும் நிழல் என்ற வரி அதில் எழுதப்பட்டிருக்கிறது. நேரத்தை நிழலால் காட்டும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது.

மேற்கு வரிசையின் கிங்ஸ் ஹவுஸ் முதலில் ஷெர்போர்ன் மடத்துத் தலைவர் சாலிஸ்பரி வரும்போது தங்கும் வீடு. முதலாம் ஜேம்ஸ் 1610லும் 1613லும் தங்கியதால் அரசர் பெயர் ஒட்டிக்கொண்டது. 1981 முதல் சாலிஸ்பரி அருங்காட்சியகம் அங்கே இயங்குகிறது. அதே வரிசையில் ஆயரின் பொருள்கள் வைக்கும் கிடங்காக இருந்த வார்ட்ரோப், இன்று ராணுவ அருங்காட்சியகம். ஆயர் மாளிகை 1947 முதல் பேராலயப் பள்ளி.

அருண்டெல்ஸ் வீட்டின் கதையும் இதே பாதைதான். 13ஆம் நூற்றாண்டுக் கேனன் வீடு, 18ஆம் நூற்றாண்டு முகப்பு, அந்நூற்றாண்டில் குடியிருந்த குடும்பத்தின் பெயர். 1970 முதல் 1974 வரை பிரதமராக இருந்த எட்வர்ட் ஹீத் 1985இல் அங்கே குடிவந்து, 2005இல் இறக்கும்வரை வாழ்ந்தார். அவருடைய பியானோ, படங்கள், படகு மாதிரிகளோடு வீடு பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. முன்னாள் பிரதமர் ஏன் தேவாலய வளாகத்தில் வீடு பிடித்தார் என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான்: வளாகத்து வீடுகள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வசதியுள்ள, குரு அல்லாத மக்களின் வீடுகளாகிவிட்டன.

எல்லாம் வசதியானவர்களுக்கே என்றும் சொல்லிவிடக் கூடாது. ஹை ஸ்ட்ரீட் கேட்டைத் தாண்டியதும் வரும் செங்கல் கட்டடம் காலேஜ் ஆஃப் மேட்ரன்ஸ். குருக்களின் விதவைகளுக்காக ஆயர் சேத் வார்ட் 1682இல் நிறுவியது. முதல் காரணத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். குருக்கள் மணம் செய்யத் தொடங்கியதும் விதவைகள் என்ற புதிய பிரச்சினை வந்தது. குரு இறந்த மறுநாளே வீடு அடுத்தவருக்கு. மனைவி எங்கே போவாள்? அந்தக் கேள்விக்குச் செங்கல்லால் சொன்ன பதில் அது. வளாகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் இதுதான்.

புல்வெளிகூடப் பழையதல்ல

பேராலயத்தைச் சுற்றிய பரந்த புல்வெளியை இடைக்காலத்தின் எச்சம் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. 1790 வாக்கு வரை அது கல்லறைகள் நிறைந்த, அடிக்கடி நீர் தேங்கும் இடம். கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வயட் கல்லறைக் கற்களை அகற்றி, நிலத்தைச் சமப்படுத்தினார். லட்லோவின் ஆட்கள் பதுங்கிய மணிக்கூண்டும் அப்போது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, 1811 முதல், ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் சாலிஸ்பரி ஆயர் ஜான் ஃபிஷர் குடும்பத்தின் விருந்தாளியாக வந்து, கோபுரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அவர் வரைந்த காட்சியே 'என்றும் இப்படித்தான் இருந்தது' என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது.

இன்று யார் பொறுப்பு?

1840 சட்டம் பெரும்பாலான பேராலயங்களில் ஊதியம் பெறும் கேனன்களை நான்கு பேராகக் குறைத்தது. தனி நீதி எல்லை என்ற உரிமையும் 19ஆம் நூற்றாண்டின் நகராட்சிச் சீர்திருத்தங்களோடு கரைந்தது. ஆனால் நிலவுடைமை கரையவில்லை. வளாகத்தின் பெரும்பகுதி இன்றும் சாப்டரின் சொத்து. இரவு 11 மணிக்கு வாசலைப் பூட்டுவது பழைய நீதிமன்ற அதிகாரத்தால் அல்ல, நில உரிமையாளர் என்ற உரிமையால். குடியிருப்பவர்களிடம் சாவி இருக்கும்.

பராமரிப்புக்கு இரண்டு வெவ்வேறு வழிகள் உண்டு. பேராலயக் கட்டடத்தில் மாற்றம் செய்ய, 1990இல் உருவாகி 2011இல் புதுப்பிக்கப்பட்ட தேவாலயச் சட்டத்தின்படி பேராலயக் கட்டட ஆணையமோ ஆலோசனைக் குழுவோ அனுமதிக்க வேண்டும். வழிபாட்டுக் கட்டடங்களுக்கு அரசின் பாரம்பரியக் கட்டட அனுமதியிலிருந்து விலக்கு இருப்பதால் இந்தத் தனி ஏற்பாடு. வீடுகளுக்கு அந்த விலக்கு கிடையாது. ஒரு கேனன் குடியிருந்தாலும் வீடு வீடுதான். ஜன்னலை மாற்றவும், உட்சுவரை நகர்த்தவும் மற்ற பழைய வீட்டுக்காரர்களைப் போல உள்ளாட்சி மன்றத்திடமே விண்ணப்பிக்க வேண்டும்.

பணம்தான் உண்மையான நெருக்கடி. வீடுகளின் வாடகை பேராலயத்தின் வருமானங்களில் ஒன்று. கோபுரத்தின் கல்லைப் பழுதுபார்க்க வாடகை வேண்டும், வாடகை நன்றாக வர வீடுகளைச் செப்பனிட வேண்டும், அதற்கும் பணம் வேண்டும். பொதுமக்களுக்கு இன்னும் பல வீடுகளைத் திறந்துவிடலாமே என்று கேட்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். மாம்பெசன் ஹவுஸ், கிங்ஸ் ஹவுஸ், அருண்டெல்ஸ், வார்ட்ரோப் என்று நான்கு வீடுகளுக்குள் இப்போதே நுழைந்து பார்க்க முடிகிறது. இங்கிலாந்தின் வேறு பேராலய வளாகம் எதுவும் தன் வீடுகளை இந்த அளவுக்குத் திறந்து வைத்திருப்பதாகத் தெரியவில்லை. போகிறவர்கள் ஹை ஸ்ட்ரீட் கேட் வழியே நுழைந்து, மேற்கு வரிசை வீடுகளைப் பார்த்து, செயின்ட் ஆன்ஸ் கேட் வழியே வெளியேறி, எக்ஸிட்டர் ஸ்ட்ரீட் மதிலோரம் நடந்தால் மேலே சொன்ன பெரும்பாலானவற்றையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம்.